உருளாத விளக்கு

அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் வீட்டிலிருந்தே வெறும் போத்தல் கொண்டுபோன காலம் ஒன்று இருந்தது. மருந்து கலக்குபவர் இருமல் மருந்தையோ வயிற்று மருந்தையோ அதில் ஊற்றி, ஒரு வேளைக்கு எவ்வளவு என்று தெரிய, ஓரம் வெட்டிய காகிதப் பட்டியை வெளியே ஒட்டிக் கொடுப்பார். அதனால் இலங்கையின் ஏழை வீடுகளில் மருந்துப் போத்தலை எறிவது அபூர்வம். மருந்துக்குத் தேவைப்படாதபோது அது விளக்காகிவிடும்.

குப்பி விளக்குச் செய்வது சின்ன வேலை. மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, தகரத்துண்டைக் குழாயாகச் சுருட்டிச் செருகி, பழந்துணியைத் திரித்து அதற்குள் விட்டு, மண்ணெண்ணெய் ஊற்றினால் முடிந்தது. மூடி தொலைந்த போத்தலென்றால் வாயின் மேல் ஒரு தகரவட்டம் சும்மா உட்கார்ந்திருக்கும். பியூஸ் போன மின்குமிழைக்கூட இப்படி விளக்காக்கினார்கள். மின்சாரம் எட்டாத வீடுகளில் பிள்ளைகள் படித்ததும் தாய்மார் சமைத்ததும் இந்த வெளிச்சத்தில்தான்.

ஆனால் மருந்துப் போத்தல் எந்த வேலைக்காகப் பிறந்தது என்று பாருங்கள். ஒல்லியான உடம்பு, மெல்லிய கண்ணாடி, கையில் பிடித்துக் கரண்டியில் சரிக்கத் தோதான உயரம். அதன் தலையில் நெருப்பை வைத்தால் அத்தனை வசதியும் ஆபத்தாகிவிடுகிறது. பூனை உரசினாலே சாயும், சாய்ந்தால் உருளும், உருளும்போது தகரம் கழன்று எண்ணெய் கொட்டும். பாத்திரத்தில் கிடக்கும் மண்ணெண்ணெய் சட்டென்று பற்றாது. துணியில் ஊறிவிட்டாலோ அந்தத் துணியே திரியாகிவிடும். எரிந்தவர்களில் பெரும்பாலானோர் பெண்களும் குழந்தைகளும். நைலோன் சேலை உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பிழைத்தவர்களுக்கும் காயம் ஆற ஆறத் தோல் சுருங்கும். கழுத்தைத் திருப்ப முடியாமல், முழங்கையை நீட்ட முடியாமல் ஆயுள் முழுக்க வாழவேண்டி வரும்.

இப்படி எரிந்து வந்தவர்களுக்குச் சிகிச்சை செய்த அறுவை மருத்துவர் விஜய கொடகும்புர. குப்பி விளக்கைக் கொளுத்தாதே என்று ஏழைக்குப் புத்தி சொல்வது சுலபம். வேறு வெளிச்சம் இல்லாதவரிடம் அதைச் சொல்லி என்ன பயன்? கொடகும்புர 1990களின் தொடக்கத்தில் எடுத்த வழி வேறு. விளக்கை விட்டுவைத்து, குப்பியை மாற்றினார். அவர் செய்த சிகிச்சைகளிலெல்லாம் இதுதான் பெரிது என்பேன்.

மாதிரிக்கு அவருக்குக் கிடைத்தது, பாணில் பூசும் மார்மைட் போத்தல். குட்டையானது, தடித்த கண்ணாடி, அடிப்பாகம் கனம். வயிறு முழு வட்டமாக இல்லாமல் இரண்டு பக்கம் தட்டையாக இருக்கும். தட்டினாலும் லேசில் சாயாது. சாய்ந்தாலும் தட்டைப் பக்கத்தில் படுத்துவிடும், உருண்டு ஓடாது. விழுந்தாலும் எளிதில் உடையாது. முறுக்கி இறுக்கும் உலோக மூடி போட்டால் எண்ணெயும் வெளியே கொட்டாது. சாய்வது, உருள்வது, உடைவது, கொட்டுவது என்ற நான்குக்கும் சக்கரமோ நெம்புகோலோ இல்லாமல் உருவத்தாலேயே பதில் சொன்ன விளக்கு அது. சுதீபா என்று பெயர் வைத்தார்.

அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் இன்னொரு போத்தல் விளக்கு பிறந்ததையும் சொல்லத்தான் வேண்டும். போரில் 1990இல் மின்சாரம் போனது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் கிடைப்பதே அருமை. சனம் ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, பஞ்சு நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வுக்குள் நூல்திரி கோத்து எரித்தார்கள். எண்ணெயை மிச்சம் பிடிக்கக் கண்ட வழி அது. ஆனால் பஞ்சுக்குள் நின்ற எண்ணெய் போத்தல் சாய்ந்தாலும் கொட்டாது என்பது கூடக் கிடைத்த பாதுகாப்பு. ஒரு தலைமுறை அந்தச் சிறு சுடரில் பரீட்சைக்குப் படித்தது. அதைக் கண்டுபிடித்தவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

மார்மைட் போத்தலைப் பொறுக்கி நாடு முழுவதற்கும் விளக்குச் செய்ய முடியாது. கண்ணாடித் தொழிற்சாலையில் அச்சில் வார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கில் வார்த்தால்தான் விலை இறங்கும். அதற்குப் பணம் திரட்டுவதும் மருத்துவரின் வேலையாயிற்று. உடைந்த பழைய கண்ணாடியை உருக்கியே சுதீபாவை வார்த்தார்கள். அமெரிக்கக் கணக்கில் கால் டொலர் அளவுக்குள் ஒரு விளக்கு முடிந்தது. 1998இல் ரோலக்ஸ் விருது கிடைத்தது, வேலை இன்னும் விரிந்தது. லட்சக்கணக்கான விளக்குகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

இன்று இலங்கையில் ஏறத்தாழ எல்லா வீட்டுக்கும் மின்சாரம் உண்டு. இருந்தும் 2022இல் நாளுக்குப் 13 மணிநேரம் வரை மின்வெட்டு வந்தது. மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றார்கள். அப்படியொரு இரவு திரும்ப வந்தால் அலமாரியில் கைக்கு முதலில் அகப்படுவது மருந்துப் போத்தலாகத்தான் இருக்கும். அதில் பொத்தான் போடுங்கள், ஊசி போடுங்கள், விதை போட்டு வையுங்கள். திரி மட்டும் போடாதீர்கள்.