உட்கரு எதிர் பிறபொருளெதிரிச் சோதனை

உட்கரு எதிர் பிறபொருளெதிரிச் சோதனை என்பது, ஒருவரின் சொந்த உயிரணுக்களின் உட்கருவில் உள்ள பொருட்களுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் அவரது குருதியில் உள்ளனவா என்று கண்டறியும் ஆய்வுக்கூடச் சோதனை ஆகும். மருத்துவமனைகளில் இது ஏ.என்.ஏ. சோதனை என்று வழங்கப்படுகிறது. லூபசு, சோகிரென் நோய், தோல் இறுக்க நோய், கலப்பு இணைப்புத்திசு நோய் முதலிய தன்னெதிர்ப்பு நோய்களை அறிய இது உதவுகிறது. ஒரே பெயரில் வழங்கினும் இச்சோதனை பல முறைகளில் செய்யப்படுகிறது. முறைக்கு முறை முடிவும் மாறக்கூடும்.

வரலாறு

1948 ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஆர்கிரேவ்சு குழுவினர், லூபசு நோயாளிகளின் எலும்பு மச்சையில், சிதைந்த உட்கருவை விழுங்கிய வெள்ளணுக்களைக் கண்டனர். இவை எல்.ஈ. உயிரணுக்கள் எனப்பட்டன. 1957 இல் ஒளிர்வு முறை நடைமுறைக்கு வந்தது. எலைசா எனப்படும் நொதிவழிச் சோதனை 1971 இல் அறிமுகமானது.

முறைகள்

மறைமுக ஒளிர்வு முறை: கண்ணாடி வில்லையில் பதிக்கப்பட்ட எச்ஈபி-2 என்னும் மனித உயிரணுக்களின் மீது நோயாளியின் குருதித் தெளியம் இடப்படுகிறது. அதிலுள்ள பிறபொருளெதிரிகள் உயிரணுவில் ஒட்டிக்கொள்ளும். ஒளிரும் சாயம் இணைத்த மற்றொரு பிறபொருளெதிரியைச் சேர்த்து நுண்நோக்கியில் பார்த்தால் அவ்விடங்கள் பச்சையாக ஒளிரும். தெளியத்தை 1:40, 1:80, 1:160 என்று படிப்படியாக நீர்த்து, ஒளிர்வு தெரியும் கடைசி அளவே முடிவாகத் தரப்படுகிறது. சில ஆய்வுக்கூடங்கள் 1:100 இல் தொடங்குகின்றன.

எலைசா: தூய்மையாக்கப்பட்ட சில உட்கருப் பொருட்கள் மட்டும் சிறு குழிகளில் பூசப்பட்டிருக்கும். நொதியால் உண்டாகும் நிறத்தைக் கருவி அளந்து எண்ணாகத் தருகிறது.

பட்டை முறை: ஒரு தாள் பட்டையில் பல உட்கருப் பொருட்கள் தனித்தனிக் கோடுகளாகப் பதிக்கப்பட்டிருக்கும். எந்தப் பொருளுக்கு எதிரான பிறபொருளெதிரி உள்ளது என்பதை இது காட்டுகிறது. ஆய்வுக்கூட அறிக்கைகளில் 'ஏ.என்.ஏ. புரொஃபைல்' என்று குறிக்கப்படுவது பெரும்பாலும் இதுவே.

ஒப்பீடு

* ஒளிர்வு முறையில் முழு உயிரணுவும் இலக்காக அமைவதால் நூற்றுக்கும் மேற்பட்ட பொருட்களுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் அகப்படும். எலைசாவில் குழியில் பூசப்பட்டவை மட்டுமே அகப்படும். எனவே ஒளிர்வு முறையில் 'உண்டு' என்று வந்தது எலைசாவில் 'இல்லை' என்று வரலாம்.
* ஒளிர்வின் கோலமும் ஒரு தடயம் ஆகும். எடுத்துக்காட்டாக, சென்ட்ரோமியர் கோலம் தோல் இறுக்க நோயின் ஒரு வகையைச் சுட்டுகிறது.
* ஒளிர்வு முறைக்குப் பயிற்சி பெற்ற கண் தேவை; பார்ப்பவருக்கேற்ப முடிவு சிறிது மாறலாம். எலைசா விரைவானது, ஒரே நேரத்தில் பல மாதிரிகளுக்கு ஏற்றது.
* ஆர்.ஓ. பிறபொருளெதிரி சில வேளைகளில் ஒளிர்வு முறைக்குத் தப்பிவிடும். இது கருவுற்ற தாயிடம் இருப்பின் குழந்தைக்குப் பிறவி இதய மின்தடை ஏற்பட வாய்ப்புண்டு. ஆகையால் ஐயம் இருந்தால் இதைத் தனியே சோதிக்க வேண்டும்.

2009 இல் அமெரிக்க வாதநோயியல் கல்லூரி, ஒளிர்வு முறையையே அடிப்படை அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்று அறிவித்தது. 2019 ஆம் ஆண்டின் லூபசு வகைப்பாட்டு விதிகள், 1:80 அல்லது அதற்கு மேற்பட்ட ஏ.என்.ஏ. முடிவை நுழைவு நிபந்தனையாகக் கொண்டுள்ளன.

முடிவுகளின் பொருள்

ஏ.என்.ஏ. இருப்பது மட்டும் நோய் ஆகாது. 1997 இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், நலமானவர்களுள் 1:40 அளவில் 31.7%, 1:80 இல் 13.3%, 1:160 இல் 5%, 1:320 இல் 3.3% பேரிடம் ஏ.என்.ஏ. காணப்பட்டது. மறுபுறம், லூபசு நோயாளிகள் மிகப் பெரும்பாலோரிடம் இது காணப்படுவதால், ஒளிர்வு முறையில் 'இல்லை' என்று வந்தால் லூபசு இருக்கும் வாய்ப்பு குறைவு.

ஏ.என்.ஏ. அளவு நோயின் தீவிரத்தைக் காட்டுவதில்லை. முதலில் ஒளிர்வு முறையிலும், பின்பு எலைசாவிலும் சோதித்து 'இல்லை' என்று வந்தவுடன் நோய் தீர்ந்தது எனக் கருதி மருந்தை நிறுத்துவது ஆபத்தானது, சிறுநீரகம் பாதிக்கப்படலாம். நோயின் போக்கை அறிய இரட்டை இழை டி.என்.ஏ. பிறபொருளெதிரியும் சி3, சி4 நிரப்புப் புரதங்களும் பயன்படுகின்றன. இவற்றையும் ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே முறையில் தொடர்ந்து சோதிப்பதே ஒப்பிட உதவும்.

தமிழ்நாட்டில்

சென்னை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த இராசீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் வாதநோய்களுக்கெனத் தனித்துறைகள் உள்ளன. தியாகராய நகர் போன்ற பகுதிகளில் உள்ள தனியார் குருதி சேகரிப்பு மையங்கள் பல, மாதிரிகளை வேறிடத்திலுள்ள மைய ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்புகின்றன. எனவே அறிக்கையில் சோதனை முறை குறிக்கப்பட்டுள்ளதா என்று பார்ப்பது இன்றியமையாதது.

2006 இல் தமிழ்நாட்டில் பரவிய சிக்குன்குனியாக் காய்ச்சலுக்குப் பின் பலருக்கு மூட்டுவலி மாதக்கணக்கில் நீடித்தது. இத்தகைய தொற்றுகளுக்குப் பின்னரும், காசநோயிலும் ஏ.என்.ஏ. தோன்றலாம். முகத்தில் சிவந்த தடிப்பு, வாய்ப்புண், சிறுநீரில் புரதம், குளிரில் விரல்கள் வெளுத்தல் போன்ற அறிகுறிகளுடன் சேர்த்துப் பார்த்தே மருத்துவர் நோயை உறுதி செய்கிறார்.

இவற்றையும் பார்க்க

* லூபசு
* பிறபொருளெதிரி
* எலைசா