முகமும் சங்கும்

அச்சன்புதூர்க்காரர்கள் ஒரே காலையில் தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் போய்த் திரும்பிவிடலாம். நூறு ஆண்டுகளுக்கு முன்பு அந்தச் சின்னத் தொலைவுக்குள் அரசே மாறியது. தென்காசி பிரிட்டிஷ் ஆட்சியின் திருநெல்வேலி ஜில்லா. செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானம். தென்காசியில் அணா, செங்கோட்டையில் சக்கரம். ஒரு பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம் என்பது கணக்கு.

காசைத் திருப்பிப் பார்த்தால் வேற்றுமை இன்னும் துலக்கமாகத் தெரியும். தென்காசிப் பக்கத்துக் காசில் முகம். செங்கோட்டைப் பக்கத்துக் காசில் சங்கு.

முகம் பிந்தி வந்ததுதான். கிழக்கிந்தியக் கும்பெனியார் நெடுங்காலம் டெல்லி பாதுஷாக்களின் பெயரில், வெறும் எழுத்துகளோடு ரூபாய் அடித்தார்கள். 1835-ல்தான் நான்காம் வில்லியமின் தலை அதில் ஏறியது. 1840 முதல் விக்டோரியா. இந்த மண்ணை ஒருநாளும் மிதிக்காத அந்த அம்மாளின் முகம் 1854 முதல் தபால்தலை வழியாகவும் வீடு வீடாகப் போனது. 1877-ல் காசில் 'ராணி' என்ற பட்டம் 'சக்கரவர்த்தினி' ஆயிற்று. நாட்டுப்புறத்தில் ஒருவர் அரசாங்கத்தை அடிக்கடி கையில் தொட்ட இடம் கச்சேரியல்ல, மடியில் முடிந்த காசுதான்.

அதனால்தான் செதுக்கலில் சிறு பிசகும் பெரிய வம்பானது. 1911-ல் வெளிவந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில், மன்னரின் அங்கியில் தொங்கிய மாலையில் ஒரு யானை. தும்பிக்கை குட்டையாக அமைந்ததால் பார்த்தவர்களுக்கு அது பன்றியாகத் தெரிந்தது. முஸ்லிம்களிடையே கொதிப்பு எழ, அரசு காசைத் திரும்பப் பெற்று, யானையைத் திருத்தி, 1912-ல் மறுபடி அடித்தது. சாம்ராஜ்யமே ஒரு தும்பிக்கைக்குப் பணிய வேண்டியிருந்தது!

திருவிதாங்கூரின் சாமர்த்தியம் வேறு மாதிரி. 1750-ல் மன்னர் மார்த்தாண்டவர்மா நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்தார். மன்னர்கள் 'பத்மநாபதாசர்' என்ற பெயரில் ஆண்டார்கள். ஆள்பவர் தெய்வம் என்றால் முத்திரையும் அந்தத் தெய்வத்தின் சங்காகத்தானே இருக்கும்? சமஸ்தானத்தின் சொந்தத் தபால் சேவைக்கு 'அஞ்சல்' என்று பெயர்; 1888-ல் வந்த அதன் முதல் தலையிலும் சங்குதான். மன்னரை எதிர்ப்பது சாமியை எதிர்ப்பதாகும் என்று அந்தச் சங்கு சொல்லாமல் சொன்னது. முகத்தைக் காட்டியவர்களைவிட மறைத்தவர்களே கெட்டிக்காரர்கள்.

ஆனால் அந்த அடக்கமும் கடைசிவரை நிற்கவில்லை. 1931-ல் சித்திரைத் திருநாள் முடிசூடியபோது அவர் படம் அஞ்சல் தலையில் வந்தது; 1930-களின் இறுதியில் ஒரு சக்கரச் செப்புக்காசிலும் அவர் முகம் பதிந்தது. மக்கள் பொறுப்பாட்சி கேட்டுக் கிளர்ந்த வருஷங்கள் அவை.

1951-ல் திருவிதாங்கூர் அஞ்சல், இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. 1956 நவம்பர் 1-ல் செங்கோட்டை தமிழகத்தோடு சேர்ந்தது. ஊர் நுழைவாயில் வளைவில் திருவிதாங்கூர்ச் சங்கு இன்றும் இருக்கிறது. அந்த வழியாகப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று அண்ணாந்து பாருங்கள்.