இருபது பிள்ளைகளுக்கு ஒரே மூளை



நாமக்கல் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் என் பழைய மாணவி போன வாரம் போனில் புலம்பினாள். ஹைடெக் லேபில் தேர்வு. இருபது பிள்ளைகளும் ஒன்றாக உள்ளே நுழைந்ததும் திரை அப்படியே நின்றுவிட்டதாம். "எனக்குக் கம்ப்யூட்டர் வராதுங்க டீச்சர்" என்று ஒரு பெண் அழுதிருக்கிறாள். அந்தப் பெண்ணுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தமிழகத்தில் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு இந்த லேப் வந்தது. மேசையில் இருக்கும் சின்னப் பெட்டிக்கு 'தின் கிளையன்ட்' என்று பெயர். அது சொந்தமாகப் பெரிய வேலை எதுவும் செய்யாது. மூலையில் இருக்கும் சர்வர்தான் எல்லோருக்கும் சேர்த்துச் செய்து, திரையில் தெரிவதை மட்டும் அனுப்பும்.

ஏற்பாடு புதிதல்ல. 1961-லேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ ஒரே கணினியைப் பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்தலாம் என்று செய்து காட்டினார். மேட்டூர் வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவோமே, அதே கதைதான். ஒருவர் யோசிக்கும் நேரத்தில் கணினி அடுத்தவர் வேலையைப் பார்த்துவிடும், காத்திருப்பதே தெரியாது. எல்லா மடையையும் ஒன்றாகத் திறந்தால்தான் கடைமடை காயும்.

நினைவகம் போதாவிட்டால் இன்னும் மோசம். ஒருவர் வேலையை வட்டில் எடுத்து வைப்பதும், திரும்பக் கொண்டுவருவதுமாகவே சர்வரின் நேரம் போய்விடும். இதை 1968-இல் பீட்டர் டென்னிங் விளக்கி எழுதினார். பிள்ளைகள் பொறுமையிழந்து மவுசைத் தட்டத் தட்டச் சுமைதான் ஏறும். (நானும் வங்கி ஏ.டி.எம்.மில் அப்படித் தட்டுகிறவன்தான்!)

1999-இல் எல்.டி.எஸ்.பி. என்ற இலவச லினக்ஸ் மென்பொருள் வந்தது. பழைய கணினிகளையும் இப்படி ஒரு சர்வரோடு பிணைக்கலாம் என்பதால் பல நாட்டுப் பள்ளிகள் அதைப் பிடித்துக்கொண்டன. இந்த முறையில் பெட்டியை மாற்றிப் பெரிய பயனில்லை. சர்வருக்கு நினைவகம் கூட்ட வேண்டும், சர்வரிலிருந்து சுவிட்சுக்குப் போகும் இணைப்பு மற்றவற்றைவிட வேகமாக இருக்க வேண்டும். வீடியோவில் திரை முழுவதும் நொடிக்கு நொடி மாறுவதால் இருபது பேரும் தனித்தனியே பார்த்தால் ஒயர் தாங்காது. புரொஜெக்டரில் ஒன்றாகக் காட்டிவிடலாம்.

நினைவகம் வாங்குவது அவள் கையில் இல்லை. "ஐந்து ஐந்து பேராக உள்ளே விடம்மா, தேவையில்லாததை எல்லாம் மூடச் சொல்" என்றேன்.

நேற்று கூப்பிட்டாள். அந்தப் பெண் மூன்றாவது ஐவரில் உட்கார்ந்து கடைசிக் கேள்வி வரை முடித்தாளாம். மதிப்பெண்ணை நான் கேட்கவில்லை.