சைக்கிளை ஏற்றிச் செல்ல எந்த வண்டி?

நம் தரைத்தளத்தில் சைக்கிள்கள் எவ்வளவு கூடிவிட்டன என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலை வரை மிதித்துவிட்டு வந்தவர்கள், இப்போது ஏலகிரி, கொல்லிமலை என்று பேசுகிறார்கள். அங்கே சைக்கிளைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு வண்டி வேண்டும். "எஸ்யூவி எடுத்துடலாமா?" என்ற பேச்சு லிஃப்ட்டிலேயே காதில் விழுகிறது. பதினைந்து, இருபது லட்ச ரூபாய் விஷயம் இது. தவணை கட்டி முடிக்க ஆறேழு வருடம் ஆகும். கையெழுத்துப் போடுவதற்கு முன், இந்த வண்டிகள் எப்படி இந்த உருவத்துக்கு வந்தன என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வெளியூர்ப் பேருந்தின் பின்னால் ஓர் இரும்பு ஏணி, மேலே கம்பித் தடுப்பு. மூட்டை, வாழைத்தார், கோழிக்கூடை, இவற்றுக்கு நடுவே படுக்கவைத்த ஒரு சைக்கிள். ரயில் என்றால் பார்சல் ஆபீசில் பதிந்து பிரேக் வேனில் ஏற்ற வேண்டும். சொந்தமாக அம்பாசடரோ ஃபியட்டோ இருந்தால் கூரையில் கேரியர், தாம்புக்கயிறு. அந்தக் காலத்துச் சைக்கிள் இருபது கிலோவைத் தொடும். அதைத் தலைக்கு மேல் தூக்க இரண்டு பேர் வேண்டும். பாரத்தை எவ்வளவு உயரம் தூக்க வேண்டும் என்பதுதான் பிரச்சினை. அதற்கு மற்ற நாடுகள் கண்ட விடைகள்தான் இந்தக் கதை.

அமெரிக்காவில் முதல் விடை ஸ்டேஷன் வேகன். பெயரே காரணத்தைச் சொல்லிவிடுகிறது: ரயிலடியில் இறங்குபவர்களையும் அவர்களது பெட்டிகளையும் ஏற்ற, கார் அடிச்சட்டத்தின் மேல் மரத்தால் உடல் கட்டினார்கள். 1929-ல் ஃபோர்டு நிறுவனமே அப்படி ஒன்றைத் தயாரித்து விற்றது. போருக்குப் பிறகு உடல் இரும்பானது. தாழ்ந்த நீண்ட தளம், பின்னால் அகலமான கதவு. குடும்பத்தோடு கூடாரமும் சைக்கிளும் ஏறின.

ஐரோப்பாவில் வேறு மாதிரி யோசித்தார்கள். நெதர்லாந்தில் ஃபோக்ஸ்வாகன் கார்களை இறக்குமதி செய்த பென் பொன் என்பவர், 1947-ல் தன் குறிப்பேட்டில் ஒரு பெட்டிபோன்ற வண்டியை வரைந்தார். ஓட்டுநர் முன் கோடியில், என்ஜின் பின் கோடியில், நடுவில் முழுக்கச் சரக்கு. 1950 மார்ச்சில் அந்த வேன் தொழிற்சாலையிலிருந்து வெளிவரத் தொடங்கியது. அடுத்த ஆண்டே வெஸ்ட்ஃபாலியா என்ற நிறுவனம் அதற்குள் படுக்கையும் சமையல் வசதியும் பொருத்தி விற்றது. நம் மாருதி வேனுக்கு அது ஒன்றுவிட்ட பெரியப்பா முறை என்று சொல்லலாம். மாருதியில் என்ஜின் பின்னால் இல்லை, முன் இருக்கைக்கு அடியில் இருந்தது. ஆனால் நினைப்பு ஒன்றுதான்: வண்டியின் நீளத்தை என்ஜினுக்காக வீணாக்காதே.

சைக்கிள்காரர்கள் இந்தக் கதைக்குள் சுவாரசியமாக நுழைவது 1976-ல். கலிபோர்னியாவில் மரின் வட்டாரத்தில், ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு மலை இறக்கம். சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களைப் பிக்கப் லாரிகளில் போட்டு மேலே கொண்டுபோய், அங்கிருந்து கீழே விரட்டிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். மிதியைப் பின்னுக்கு அழுத்தினால் பிடிக்கும் பிரேக்கில் இருந்த கிரீஸ் ஒரே இறக்கத்தில் புகைந்து தீர்ந்துவிடும். மறுபடி கிரீஸ் அடைத்தாக வேண்டும். மலைச் சைக்கிள் என்ற இனம் அங்கேதான் உருப்பெற்றது. அந்த ஓட்டிகள் வைத்திருந்தது நாகரிக வண்டி அல்ல. திறந்த தொட்டி, இடுப்பளவு உயரம், தூக்கிப் போட்டால் போதும்.

ஆக, நல்ல விடைகள் எல்லாமே முன்பே இருந்தன. பிறகு ஏன் மாறிற்று? இங்கேதான் சட்டம் வருகிறது. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெய் தர மறுத்தபின், அமெரிக்கா 1975-ல் எரிபொருள் சிக்கனச் சட்டம் கொண்டுவந்தது. 1985-க்குள் ஒரு நிறுவனத்தின் கார்கள் சராசரியாக காலனுக்கு 27.5 மைல், அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 11.7 கிலோமீட்டர் தர வேண்டும். 'இலகு லாரி' வகைக்கு மட்டும் விதி தளர்வு. ஸ்டேஷன் வேகன் கார் கணக்கில் சேர்ந்தது. லாரிச் சட்டத்தின் மேல் உட்கார்ந்த உயரமான வண்டி லாரி கணக்கில் சேர்ந்தது. எதைத் தயாரிப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

நடுவில் ஒரு நல்ல வண்டியும் வந்தது. ஃபோர்டில் ஹால் ஸ்பெர்லிக் என்பவர் முன்வைத்த சிறிய வேன் யோசனையை முதலாளி ஏற்கவில்லை. அவரும் லீ அயகோக்காவும் திவாலாகும் நிலையில் இருந்த கிரைஸ்லருக்குப் போய், 1983 இறுதியில் அதை வெளியிட்டார்கள். முன்சக்கர இயக்கம் என்பதால் தளம் தாழ்வாகவும் சமமாகவும் இருந்தது. பக்கவாட்டில் இழுகதவு. அவர்கள் பிடிவாதமாக வைத்துக்கொண்ட நிபந்தனை ஒன்று உண்டு: சாதாரண வீட்டின் கார் கொட்டகைக்குள் அது நுழைய வேண்டும். அந்த வண்டிதான் கிரைஸ்லரைக் காப்பாற்றியது. ஆனால் தொண்ணூறுகளில் அது 'அம்மாக்கள் ஓட்டும் வண்டி' என்று பெயர் வாங்கிவிட்டது. விளம்பரத்தில் மலையுச்சியில் நின்ற எஸ்யூவி ஜெயித்தது. அதன் தளமோ முழங்காலுக்கு மேலே.

நம் நாட்டிலும் வரிதான் உருவத்தைத் தீர்மானித்தது. 2006 பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறிய கார்களுக்குக் கலால் வரி 24 சதவீதத்திலிருந்து 16 ஆனது. என்ஜின் பெட்ரோல் என்றால் 1200 சி.சி., டீசல் என்றால் 1500 சி.சி.க்குள் இருக்க வேண்டும் என்பது கூடுதல் நிபந்தனை. உடனே எல்லோரும் வண்டியின் வாலைக் கத்தரித்தார்கள். இன்று நாம் 'காம்பாக்ட் எஸ்யூவி' என்று வாங்குவதில் பல, உயரம் கூட்டி வால் குறைத்தவை. சைக்கிளுக்கு வேண்டியது நேர் எதிரானது: உயரம் குறைந்த தளம், நீளமான உள்கூடு. டாடா எஸ்டேட், இண்டிகோ மரினா போன்ற வேகன்கள் அதைத் தந்தன. நம்மவர்கள் "அமரர் ஊர்தி மாதிரி இருக்கு" என்று ஒதுக்கிவிட்டார்கள்.

இனி நம் கட்டடத்துக்கு வருவோம். கூரைக் கேரியரில் நின்றவாக்கில் சைக்கிளைப் பொருத்தினால் வண்டியின் உயரத்தோடு ஒரு மீட்டருக்கு மேல் கூடும். 1.5 மீட்டர் ஹேட்ச்பேக்கே 2.6 மீட்டரைத் தாண்டிவிடும். கீழ்த்தளச் சரிவின் முகப்பில் தொங்கும் உயரப் பலகையை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். மலையிலிருந்து களைத்துத் திரும்புகிற இரவில், மேலே சைக்கிள் இருப்பதே மறந்துபோகும். பின்கதவில் மாட்டும் கேரியர் பரவாயில்லை. ஆனால் நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் மறையக் கூடாது. நம் நிறுத்துமிடமோ பொதுவாக 5 மீட்டர் நீளம். இன்னோவா மாதிரி 4.7 மீட்டர் வண்டியில் கேரியரைக் கழற்றாமல் நிறுத்தினால் எதிர் வீட்டுக்காரர் திரும்ப வழியிருக்காது.

உள்ளே வைப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. முன்சக்கரத்தைக் கழற்றினால் பாதி வேலை முடிந்தது. நெம்புகோலைத் திருப்பினால் சக்கரம் கையோடு வரும் அமைப்பை இத்தாலியின் துல்லியோ கம்பக்னோலோ 1930-லேயே தந்துவிட்டார். ஹோண்டா ஜாஸ் இதற்குப் பேர்போனது. பெட்ரோல் தொட்டியை முன் இருக்கைக்கு அடியில் தள்ளியதால், பின் இருக்கையின் அடிப்பலகையை மடக்கி நிமிர்த்தலாம். ஏறக்குறைய நான்கடி உயரம் கிடைக்கும். இங்கே 2009-ல் வந்து 2023-ல் நின்றுவிட்டது. கடைசி ஆண்டுகளின் வண்டிகளில் அந்த இருக்கை கிடையாது. பழைய வண்டி பார்ப்பவர்கள் இருக்கையைத் தூக்கிப் பார்த்து வாங்குங்கள்.

மாருதி வேன் 1984-ல் வந்தது, ஓம்னி என்ற பெயரோடு 2019-ல் விடைபெற்றது. அதன் வாரிசான ஈகோ இன்னும் கிடைக்கிறது: 3.67 மீட்டர் நீளம், இருபுறமும் இழுகதவு. பின் இருக்கையைச் சாய்த்தால் இரண்டு சைக்கிள்கள் உட்காரும். ஆனால் இந்தப் பெட்டி வடிவம் தோற்றதற்கு ஃபேஷன் மட்டும் காரணமில்லை. முகப்பு இல்லாத வண்டியில் மோதல் நேர்ந்தால் ஓட்டுநரின் காலுக்கு முன்னால் அதிகம் ஒன்றும் இல்லை. 2016-ல் குளோபல் என்கேப் நடத்திய மோதல் சோதனையில் ஈகோவுக்கு நட்சத்திரம் பூஜ்யம். அதன் பிறகு ஏர்பேக் வந்திருக்கிறது. அடிப்படை உடல் அதேதான். ஏலகிரிக்கு நெடுஞ்சாலையில் குழந்தைகளோடு போகிறவர் இதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். ஏழு இருக்கை வண்டிகளில் மூன்றாவது வரிசை முழுக்கத் தட்டையாக மடிகிறதா, மேடு தட்டுகிறதா என்பதையும் பாருங்கள்.

ஷோரூமுக்குப் போகும்போது சைக்கிளையும் கொண்டுபோங்கள். விற்பனையாளர் கொஞ்சம் விழிப்பார். சன்ரூஃப் பற்றி அவர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்து, பின்கதவைத் திறக்கச் சொல்லி, நீங்கள் ஒருவராகவே தூக்கி வைத்துப் பாருங்கள்.