மாத்தளைத் தோட்டங்களில் கொளுக்கிப்புழு ஒழிப்பும் களப்பயிற்சியும்

களத் தொற்றுநோயியற் பயிற்சியின் வரலாற்றை எழுதுவோர் அதனை வழக்கமாக 1951ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குவர். அவ்வாண்டிலே அலெக்சாந்தர் லாங்மியர் ஐக்கிய அமெரிக்காவிற் கொள்ளைநோய்ப் புலனாய்வுச் சேவையை நிறுவி, இளம் வைத்தியர்களை நோய் கண்ட ஊருக்கே அனுப்பிப் பழக்கினார். ஆயின் அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகள் முன்னரே, நம் மாத்தளையில், களத்தில் நின்று கற்கும் முறையொன்று தொடங்கிவிட்டது. அதன் பேறும் குறையும் ஒருசேர நோக்கத்தக்கவை.

மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாக நடந்துவந்த தமிழ்த் தொழிலாளர் மலைநாட்டை எட்டிய இடம் மாத்தளை. கோப்பிக்குப் பின் தேயிலையும் றப்பரும் வந்தன. லயங்களைச் சூழ்ந்த ஈரமண்ணிற் கொளுக்கிப்புழு பெருகிற்று. வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகும் அப்புழு குடலிலே தங்கி, குருதியை மெல்ல உறிஞ்சும். சோம்பேறியென்று துரைமார் ஏசிய தொழிலாளி பல வேளைகளில் இரத்தசோகை நோயாளியே என்பதை மனங்கொள்ளல் வேண்டும். 1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் ஒழிப்பு இயக்கம் மாத்தளையில் ஆரம்பமாயிற்று.

அந்நிறுவனம் அக்காலத்திற் கையாண்ட முறை எளிமையானது. ஆனால் உழைப்பு மிக்கது. குடியிருப்பைக் கணக்கிடுதல், மலத்தை நுணுக்குக்காட்டியிற் பரிசோதித்தல், மருந்து கொடுத்தல், மீண்டும் பரிசோதித்தல் என அது படிப்படியாகச் செல்லும். இவ்வேலைக்கு உள்ளூர் ஊழியர் பழக்கப்பட வேண்டியிருந்தது. ஒரு கண்ணாடித் தகட்டைப் பார்த்து ‘முட்டை இல்லை’ என எழுதுவது எவருக்கும் இயலும். அதே தகட்டை இன்னொருவர் மறுமுறை பார்ப்பார் என்ற நிலை இருந்தாற்றான் பயிலுநரின் கண் கூர்மை பெறும். மேற்பார்வை என்பதன் பொருள் இதுவே; வருகைப் பதிவேட்டிற் கையொப்பமிடுவதன்று.

எனினும் மேற்பார்வை எதை நோக்கியதோ அதையே பயிலுநரும் நோக்கினர். மருந்துண்டோர் தொகையே இயக்கத்தின் அளவுகோலாயிற்று. கீனோப்போடியம் எண்ணெயைக் குடித்துப் புழு நீங்கியவர், மலசலகூடமற்ற அதே லயத்துக்கே திரும்பினார்; மீண்டும் தொற்றுண்டார். மலசலகூடம் கட்டும் செலவைத் தோட்டச் சொந்தக்காரர் பலர் ஏற்கத் தயங்கினர். தகட்டிலுள்ள முட்டையை எண்ணக் கற்ற இளைஞனுக்கு, அம்முட்டை அங்கு வந்த காரணத்தைக் கேட்கும் அதிகாரம் இருக்கவில்லை. கேட்டிருப்பின் துரையின் கணக்குப் புத்தகத்தையன்றோ பரிசோதிக்க நேர்ந்திருக்கும்!

மருந்து மட்டும் போதாதென்பதை இயக்கத்தை நடத்தியோரும் உணராமலில்லை. 1926இல், டபிள்யூ. பி. ஜேக்கொக்சின் முயற்சியாற் களுத்துறையிற் சுகாதாரப் பகுதி நிறுவப்பட்டது. அங்கு ஊழியர் சில வாரம் தங்கிப் போகும் விருந்தாளிகளல்லர். வைத்திய அதிகாரி, பரிசோதகர், மருத்துவிச்சி ஆகியோர் குறித்த ஓர் எல்லைக்குள் நிலையாகப் பணிபுரிந்தனர். தன் பிழையின் விளைவை அடுத்த ஆண்டு அதே வீட்டிற் காணும் பயிலுநர் பெறும் கல்வி வேறானது. இன்றும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் பயிற்சி பெறும் தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகம் இதன் வழிவந்ததே.

மாத்தளையின் வடபகுதி உலர்வலயம். அங்கு பகை மலேரியா. 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே பதிவாயினர். வெற்றி கிட்டியதென்று தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. நோயே இல்லாத ஊரில், நாள்தோறும் இரத்தப் பூச்சுக்களைப் பார்த்து ‘இல்லை’ என எழுதும் ஊழியரைச் சலிப்பின்றி வழிநடத்துவதுதான் மிகக் கடினமான மேற்பார்வை. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடெனச் சான்றளிக்கப்பட்டது. வெளிநாடுகளிலிருந்து நோயோடு வருவோர் இன்னும் உளராதலால், அந்த இரத்தப் பரிசோதனை அதன் பின்னரும் நிறுத்தப்படவில்லை.