புதுப்பித்தபின் மறுதொடக்கம்: பொதுவிதி எது, விலக்கு எது?

லினக்ஸ் சர்வரில் ஒரு பொதியைப் புதுப்பிக்கும்போது புதிய கோப்பு பழையதன் பெயரில் வந்து அமர்கிறது. ஆனால், ஓடிக்கொண்டிருக்கும் சேவை தான் முன்பே திறந்த பழைய கோப்பையே பற்றியிருக்கும். அதை நிறுத்தித் தொடங்கும்வரை திருத்தம் அதைச் சென்றடையாது. 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை இதைத் தெளிவாகக் காட்டியது. ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்தைத் திருத்திய பதிப்புக்கு மாற்றிவிட்டு, அதைப் பயன்படுத்தும் இணையச் சேவையை அப்படியே ஓடவிட்டவரின் சர்வரில் ஓட்டை அப்படியே இருந்தது. பொதிப்பட்டியலோ எல்லாம் சரி என்றது. தணிக்கையாளர் பார்ப்பது பெரும்பாலும் அந்தப் பட்டியலைத்தான் என்பதால், பாதிப் புதுப்பிப்பு புதுப்பிக்காததைவிட ஆபத்தானது என்பேன். தானே மறுதொடக்கம் செய்வது பொதுவிதியாகவும், காத்திருப்பது காரணம் எழுதிவைத்த விலக்காகவும் இருக்க வேண்டும். டெபியன் குடும்பத்தில் இதற்கென உள்ள நீட்ரீஸ்டார்ட் கருவி உபுண்டு 22.04-இல் நிர்வாகியைக் கேட்டு நின்றது, 24.04-இல் கேட்காமலே செய்கிறது. சி-டாக் சென்னை மையம் டெபியனை அடித்தளமாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கும், கேட்டுச் செய்வதா கேட்காமலே செய்வதா என்ற இந்தக் கேள்வி பொருந்தும்.

எதிர்வாதங்களில் வலுவானது சேவை முறியும் என்பது. 2023 மார்ச் 8 அன்று உபுண்டு 22.04-இன் தானியங்கிப் புதுப்பிப்பில் சிஸ்டம்டியின் வலையமைப்புச் சேவை மறுதொடங்கி, தான் அமைக்காத வழித்தடங்களை அழித்தது. டேட்டாடாக் நிறுவனத்தின் பல்லாயிரம் சர்வர்கள் துண்டிக்கப்பட்டன. அங்கே கேடு செய்தது, எல்லாச் சர்வர்களிலும் ஏறத்தாழ ஒரே வேளையில் அது நடந்ததுதான். சில சர்வர்களில் முதலில் செய்திருந்தால் கோளாறு அங்கேயே தெரிந்திருக்கும். மேலும், மறுதொடக்கத்தைத் தாங்காத சேவை ஏற்கெனவே பழுதுபட்டது. செம்பாக்கம் போன்ற தென்சென்னைப் புறநகரில் வடகிழக்குப் பருவமழை நாளில் மின்சாரம் போனால், அந்த மறுதொடக்கத்துக்கு யாரும் நேரம் குறிக்க முடியாது. புதுப்பிப்புக்கோ குறிக்கலாம். எடுத்துக்காட்டாக, 2021-இல் செம்பாக்கம் நகராட்சி இணைந்த தாம்பரம் மாநகராட்சியில், சொத்துவரியை அரையாண்டின் முதல் முப்பது நாளுக்குள் செலுத்தினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு. அந்தக் கெடு நெருங்கும் நாள்களில் வரி வசூல் தரவுதளத்தைப் பகலில் தொடாதிருப்பது நியாயமான விலக்கு; அதையே காரணமாக்கி ஆண்டு முழுவதும் தொடாதிருப்பது அலட்சியம்.

இரண்டாவது எதிர்வாதம் கருவியைப் பற்றியது. சாதாரணப் பயனர் ரூட் அதிகாரம் பெற வழிவிடும் ஓட்டைகள் 2014 முதலே நீட்ரீஸ்டார்ட்டில் இருந்ததை 2024 நவம்பரில் குவாலிஸ் நிறுவனம் வெளியிட்டது, 3.8 பதிப்பு அவற்றை மூடியது. கவலைக்குரிய செய்திதான். ஆனால் அவை, எந்தச் சேவை பழைய கோப்பைப் பிடித்திருக்கிறது என்று தேடும் பகுதியில் இருந்தவை. கேட்டு நிற்கும் முறையிலும் அதே தேடல் நடப்பதால், இந்தச் சான்று தானியங்கி மறுதொடக்கத்துக்கு மட்டும் எதிராக நிற்காது. கெர்னல் திருத்தம் வேறு வகை. அதற்குப் பொதுவாக முழுக் கணினியையும் மறுதொடங்க வேண்டும். சேவைகளைப் பொறுத்தவரை, பயனரின் அமர்வைக் குலைக்கக்கூடிய டி-பஸ் போன்றவற்றை நீட்ரீஸ்டார்ட் இயல்பாகவே விட்டுவைக்கிறது. அதற்குமேல் நிர்வாகி சேர்க்கும் ஒவ்வொரு விலக்குக்கும் பொறுப்பாளரின் பெயரும், அந்தச் சேவை கட்டாயம் மறுதொடங்க வேண்டிய நாளும் குறிக்கப்பட வேண்டும்.