கொடி வெட்டிய ஊர்

விருதுநகருக்கு அந்தப் பெயர் ஒரு சண்டையால் வந்தது என்பது ஊர்க்கதை. பல நாடுகளை வென்ற ஒரு வீரன், வென்ற இடங்களில் பெற்ற விருதுகளைக் கொடிகளாக ஏந்திக்கொண்டு இந்தப் பக்கம் வந்தான். தைரியம் உள்ளவன் மோதிப் பார்க்கலாம் என்று சவால் விட்டான். உள்ளூர்க்காரர் ஒருவர் இறங்கினார். வந்தவனை வீழ்த்தி, அவன் கொண்டுவந்த கொடிகள் அத்தனையையும் வெட்டிச் சாய்த்தார். ஊர் 'விருதுகள்வெட்டி' ஆனது. பிறகு விருதுப்பட்டி. வியாபாரம் பெருகியபின், 1923இல், 'பட்டி' என்ற ஒட்டு பொருந்தவில்லை என்று நகராட்சியே விருதுநகர் என மாற்றிக்கொண்டது. மாவட்ட நிர்வாகம் ஊரின் வரலாறாகச் சொல்வதும் இந்தக் கதையைத்தான்.

அந்த வீரன் எந்த ஊர், எந்தக் காலம், வெட்டியவர் பெயர் என்ன என்பதெல்லாம் கதையில் இல்லை. ஆனால் கதைக்குள் இருக்கும் வழக்கம் கற்பனை அல்ல. கொடியை நட்டுச் சவால் விடுவது தமிழ்நாட்டில் இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம். காவிரிப்பூம்பட்டினத்தில் பறந்த கொடிகளை அடுக்கிச் சொல்லும் பட்டினப்பாலை, வாதுக்கு அழைக்கும் ஆசிரியர்கள் ஏற்றிய கொடியையும், கள் விற்கும் கடைக்காரர் கட்டிய கொடியையும் சேர்த்தே சொல்கிறது. புலமைக்கும் கொடி, கள்ளுக்கும் கொடி. மதுரைக் கடைத்தெருவை வருணிக்கும் மதுரைக்காஞ்சியிலும் இதே காட்சிதான். அப்படிப்பட்ட நாட்டில் ஒருவன் கொடியை வெட்டுவது துணியைக் கிழிக்கும் காரியமல்ல, அவன் பெற்ற வெற்றிகளையே இல்லை என்று ஆக்கும் காரியம்.

இன்று விருது என்றால் மேடையில் தரும் கேடயமும் சால்வையும். அன்றைக்கு விருது தெருவில் நடந்து போகும். கொடி, குடை, சாமரம், பகலிலும் எரியும் தீவட்டி, எக்காளம், பல்லக்கு எல்லாம் விருதுதான். யார் எதைப் பிடிக்கலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. அந்தக் கணக்கு மீறப்பட்டால் தலை உருளும்.

இது அரசாணையாகவே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. கொங்கு நாட்டுக் கைவினைஞர்களான கம்மாளர்கள் நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே போகும்போது செருப்பு அணியலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம் என்று ஓர் அரசன் உரிமை கொடுத்த கல்வெட்டு கொங்குப் பகுதிக் கோயில்களில் இருக்கிறது. செருப்புக்கும் சுண்ணாம்புக்கும் அரசனின் கையெழுத்து தேவைப்பட்டது என்றால், கொடிக்கு எவ்வளவு போட்டி இருந்திருக்கும்! 18ஆம் நூற்றாண்டுச் சென்னையில் வலங்கை, இடங்கை எனப் பிரிந்து நின்ற சாதிக் கூட்டங்களுக்குள் நடந்த தெருச் சண்டைகளில், எந்தக் கொடியை யார் ஏந்துவது என்பதும் ஒரு வழக்கு. வியாபாரம் செய்ய வந்த கிழக்கிந்தியக் கம்பெனி துரைகள் கோயில் ஊர்வலக் கொடிக்குப் பஞ்சாயத்து பேச வேண்டியதாயிற்று.

துரைகளுக்கு இது புதிதல்ல. குறிப்பாக ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர்களுக்கு. அங்கே குலச்சின்னங்களைக் காப்பதற்கென்றே லார்ட் லயன் என்ற அரச அதிகாரியும் அவருக்கு ஒரு நீதிமன்றமும் உண்டு. 1672இல் வந்த சட்டப்படி எல்லாச் சின்னங்களும் ஒரு பதிவேட்டில் ஏற வேண்டும். அடுத்தவர் சின்னத்தைப் போட்டுக்கொள்வது குற்றம். எடின்பரோவில் அந்த நீதிமன்றம் இன்றும் நடக்கிறது. நீலத்தில் வெள்ளைக் குறுக்குக் கோடுகள் உள்ள புனித ஆண்ட்ரூ கொடியை யாரும் பறக்கவிடலாம். மஞ்சளில் சிவப்புச் சிங்கம் எழுந்து நிற்கும் கொடி அரசருடையது, மற்றவர் ஏற்றக் கூடாது. கால்பந்து ஆட்டங்களில் ரசிகர்கள் அதைத்தான் ஆயிரக்கணக்கில் ஆட்டுகிறார்கள் என்பது வேறு விஷயம். நீலக் கொடிக்கும் ஓர் ஊர்க்கதை இருக்கிறது: போருக்கு முன் மன்னன் வானத்தைப் பார்த்தான், மேகம் சிலுவையாக நின்றது, வென்றான். விருதுகள்வெட்டிக் கதையைவிட அது எந்த வகையிலும் உறுதியானதல்ல.

விருதுநகர்ச் சீமையின் பழைய அரச முத்திரை பாண்டியரின் கயல். பாடப்புத்தகம் மீன்கொடி என்று சொல்லி நகர்ந்துவிடுகிறது. கோயில் விதானத்தில் அண்ணாந்து பார்த்தால்தான் முழுச் சின்னம் தெரியும். இரண்டு மீன்கள் நிமிர்ந்து நிற்கும், நடுவில் ஒரு செண்டு. மதுரையிலிருந்து தெற்கே தென்காசி வரை பல கோயில்களின் கூரைக் கற்களில் இந்த இணைக்கயல் செதுக்கப்பட்டிருக்கிறது. சிவகாசிக்குக் காசியிலிருந்து லிங்கம் கொண்டுவந்ததாகத் தலபுராணம் சொல்லும் 15ஆம் நூற்றாண்டு அரிகேசரி பராக்கிரம பாண்டியனே தென்காசிக் கோயிலையும் எடுத்தவன். அதற்குள் பாண்டியப் பேரரசு மதுரையை இழந்து தெற்கே ஒதுங்கிவிட்டது. நாடு சுருங்கியபோதும் மீனைச் செதுக்குவது நிற்கவில்லை.

வென்றவன் தோற்றவனின் சின்னத்தை என்ன செய்வான்? விருதுநகர்க்காரர் வெட்டினார். சோழர்கள் அதைவிட நுட்பமான வேலை செய்தார்கள். ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகளைக் கோத்த வளையத்தின் முத்திரையில் புலி உட்கார்ந்திருக்கிறது. அதன் அருகிலேயே பாண்டியரின் இரண்டு மீன்கள், சேரரின் வில். மேலே வெண்கொற்றக்குடை, இருபுறமும் சாமரம், விளக்கு. எதிரியின் சின்னத்தை அழிக்காமல் தன் முத்திரைக்குள் குடிவைத்துவிட்டான். மூன்று சின்னங்களையும் ஒரே வட்டத்தில் பார்க்கிறவனுக்கு யார் பெரியவன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பின்னாளில் ராமநாதபுரம் சேதுபதிகள் தங்கள் செப்பேடுகளின் விருதுப் பட்டியலில் அனுமக் கொடியையும் கருடக் கொடியையும் சேர்த்துக்கொண்டார்கள். பாளையக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கொடி, தனித்தனிப் பெருமை. அந்தக் காலம் 1799இல் முடியத் தொடங்கியது. அக்டோபர் 16 அன்று கயத்தாறில் வீரபாண்டிய கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கம்பெனி அதிகாரி மேஜர் பானர்மேன். பானர்மேன் என்பது ஸ்காட்லாந்து அரசர்களுக்குக் கொடி சுமந்த குடும்பத்தின் பெயர். கொடிக்காரப் பெயருள்ளவர் கையாலேயே தெற்கத்திக் கொடிகள் இறங்கின. கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சியோடு, இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் உள்ள ஏழாயிரம்பண்ணையும் பறிமுதலானது. கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் உத்தரவு வந்தது. மிஞ்சியவர்கள் ஜமீன்தார்கள் ஆனார்கள். போர்க்கொடி திருவிழாக் கொடியாயிற்று.

கோயில் கொடி மட்டும் யாருக்கும் இறங்கவில்லை. பழைய கொடி மரபு உயிரோடு இருப்பதும் அங்கேதான். சிவனுக்கு ரிஷபம், பெருமாளுக்குக் கருடன், முருகனுக்குச் சேவல், அம்மனுக்குச் சிங்கம். கொடியேற்றத்தன்று கொடிப்பட்டம் வீதிவலம் வரும்போது சற்று நெருங்கி நின்று பார்க்க வேண்டும். நீளமான வெள்ளைத் துணி. நடுவில் படுத்த நிலையில் நந்தி. அதற்கு மேல் குடை, இரு பக்கமும் சாமரம், விளக்கு, சூரிய சந்திரர். ராஜேந்திரன் முத்திரையில் புலி இருந்த இடத்தில் நந்தி இருக்கிறது, குடையும் சாமரமும் விளக்கும் அப்படியே. ஆயிரம் ஆண்டுகளாக அந்த அமைப்பு மாறவில்லை. அதை வரைகிறவர்களுக்கு எந்த நீதிமன்றமும் சட்டம் போடவில்லை. பட்டத்தைக் கயிற்றில் ஏற்றி உச்சியில் நிறுத்தியபின் கொடிமரத்துக்குத் தர்ப்பையும் மாவிலையும் கட்டுவார்கள். கொடி ஏறினால் இறங்கும்வரை ஊர் எல்லை தாண்டி இரவு தங்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டை இன்றும் பல ஊர்களில் பெரியவர்கள் விடுவதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத்துக்குக் கொடி ஏறும் கோயிலின் ராஜகோபுரம் 11 நிலை. 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு மாநிலச் சின்னத்தைத் தேர்ந்தெடுத்தபோது கோபுரம் ஒன்று அதில் ஏறியது. அது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்பது பரவலாகச் சொல்லப்படுவது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேற்குக் கோபுரம் என்று வாதாடுவோரும் இருக்கிறார்கள், இரண்டு ஊர்க்காரர்களும் விட்டுக்கொடுப்பதாயில்லை. அந்தச் சின்னத்தையும் பழைய கண்ணோடு பார்க்கலாம். கோபுரத்துக்கு முன் அசோகரின் சிங்கத் தூண், இரு பக்கமும் மூவர்ணக் கொடிகள். சாமரம் நின்ற இடத்தில் தேசியக் கொடி நிற்கிறது. 1970இல் கருணாநிதி இந்தச் சின்னம் பொறித்த ஒரு மாநிலக் கொடியையும் முன்வைத்தார். அது ஏறவில்லை.

விருதுப்பட்டி விருதுநகரான அதே 1923, கொடிக்கு வேறு விதத்திலும் முக்கியமான ஆண்டு. மூவர்ணக் கொடியோடு ஊர்வலம் போகத் தடை வந்ததால் நாகபுரியில் கொடிச் சத்தியாகிரகம் நடந்தது. நாடெங்கிலுமிருந்து தொண்டர்கள் போய்ச் சிறை புகுந்தார்கள். விருதுநகரில் அப்போது காமராஜருக்கு இருபது வயது. அவருடைய வாழ்க்கை வரலாறுகள் தொடக்ககால ஈடுபாடுகளில் ஒன்றாக இந்தப் போராட்டத்தைக் குறிப்பிடுகின்றன. அவரே 1967 தேர்தலில் சொந்த ஊரில், மாணவர் தலைவராக இருந்த பெ.சீனிவாசனிடம் தோற்றார். பல களம் வென்றவரை உள்ளூர்க்காரர் ஒருவர் வீழ்த்திய ஊர் என்ற பழைய கதையை அன்றைக்கு யாராவது நினைத்திருந்தால் ஆச்சரியமில்லை.

அதே 1923இல்தான் சிவகாசியின் கதையும் தொடங்குகிறது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி வேலையை ஆரம்பித்தார்கள். தீப்பெட்டி என்றால் மேலே ஒட்ட லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். மழை பொய்த்த கரிசல் காட்டில் பட்டாசு மருந்தும் அச்சு மையும் சேர்ந்து வளர்ந்தது இப்படித்தான்.

ஒவ்வொரு லேபிளும் ஒரு குட்டிக் கொடி. லித்தோ எனும் கல்லச்சுக் காலத்தில் ஓவியர் கல்லில் படத்தை இடவலம் மாற்றி வரைவார். ஒரு நிறத்துக்கு ஒரு கல். தீப்பெட்டி அளவுக்குள் நடுவில் சின்னம், சுற்றிலும் வளையம், மேலும் கீழும் எழுத்து. எழுத்துத் தெரியாதவர் கடையில் பெயர் சொல்லிக் கேட்பதில்லை, படத்தைச் சொல்லிக் கேட்பார். அதனால் சின்னம் சண்டைக்குரிய சொத்தானது. அய்ய நாடார் குடும்பத்தாருக்கு அணில், சண்முக நாடாரின் காளீஸ்வரிக்குச் சேவல். முருகன் கொடியில் இருந்த சேவல் பட்டாசுப் பெட்டியில் வந்து உட்கார்ந்தது. அடுத்தவன் சேவலைப் போட்டால் வழக்கு. 1940இல் வந்த வணிகச் சின்னச் சட்டம் செய்ததும், லார்ட் லயன் தன் பதிவேட்டை வைத்துச் செய்வதும் அடிப்படையில் ஒரே வேலை. ஒரு வித்தியாசம், அங்கே சின்னத்தை அரச அதிகாரி வழங்க வேண்டும். சிவகாசியில் சரக்கு போதும். சேதுபதி போன்றவர்களுக்கு மட்டும் உரியதாக இருந்த தனிச்சின்னம், கரிசல் மண்ணில் கடை போட்டவர் எவருக்கும் கிடைத்ததை இந்தத் தொழிலின் பெரிய சாதனைகளில் ஒன்றாகச் சொல்ல வேண்டும்; பட்டாசைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதைச் சொல்வதில்லை.

தேர்தல் வந்தால் இதே அச்சகங்களில் கட்சிச் சின்னங்கள் ஓடுகின்றன. ஒரு மெஷினில் ஒரு கட்சி, பக்கத்து மெஷினில் எதிர்க்கட்சி. மூன்று சின்னத்தை ஒரே முத்திரையில் வைத்த ராஜேந்திரனுக்கு இது வியப்பாக இருக்காது.

அழிந்துகொண்டிருப்பவை இரண்டு. கோயில் திருப்பணி என்ற பெயரில் விதானங்களுக்கு வெள்ளையடிக்கும்போதும் பெயின்ட் பூசும்போதும் இணைக்கயல்கள் மறைகின்றன. வீட்டைக் காலி செய்யும்போது பழைய லேபிள் கட்டுகள் எடைக்குப் போகின்றன. உங்கள் ஊர்க் கோயிலில் வேலை நடந்தால், கூரைக் கல்லில் மீன் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பரணில் லேபிள் ஆல்பம் இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். விருதுநகரில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.